பிழைத்துக்கொண்டவரின் கடவுள்

ஏரோது மன்னன் பெத்லகேமில் வெட்டிக் கொன்ற குழந்தைகள் எத்தனை பேர் என்று மத்தேயு எழுதி வைக்கவில்லை. நாகசாகிப் பக்கத்துக் குடியானவர்களும் மீனவர்களும் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 44,444. ஏழு தலைமுறையாக ஒரு குருவானவரின் முகத்தைப் பார்க்காமல், வேதக் கதையைப் பிள்ளைகளுக்கு வாய்வழியாகவே சொல்லிக் காப்பாற்றியவர்கள் அவர்கள். கதைக்கு ‘தென்ச்சி ஹஜிமாரி நோ கோத்தோ’ என்று பெயர். வானமும் பூமியும் தொடங்கிய கதை. அதில் வளர்ந்து ஆளான இயேசுவுக்கு மேலிருந்து ஒரு சேதி வருகிறது. உன்னைத் தேடி வந்துதான் அத்தனை குழந்தைகளையும் கொன்றார்கள். மோட்சத்தின் இன்பம் அவர்களுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று இருக்கிறது. அவர்களைக் கரையேற்ற நீ வதைபட்டு உயிரைக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் அவர் தரையில் விழுந்து இரத்தமாக வியர்க்கிறார்.

சிலுவைக்கு இப்படி ஒரு காரணத்தை எங்கள் கோயிலில் எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஆதாமின் பாவம், உலகத்தின் பாவம், என் பாவம் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். தான் தப்பித்ததால் செத்துப்போனவர்களுக்காகச் சாகிற கடவுள் எனக்குப் புதியவர். அவரை யார் எதற்காக உண்டாக்கினார்கள் என்று யோசித்துக்கொண்டே நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

என் வேலை சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் ஃபிட்டர். சொந்த ஊர் மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். அய்யா அந்த ஊர் உபதேசியார். மாதத்துக்கு ஒரு முறை சாமியார் வந்து பூசை வைத்துப் போவார். மீதி நாளெல்லாம் கோயில் அய்யா கையில். மணி அடிப்பது, சாவு வீட்டில் மந்திரம் சொல்வது, பிறந்த பிள்ளை தங்காது என்று தெரிந்தால் ஓடிப்போய் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்தான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கோயிலுக்குச் சேரும் மீன் பங்கில் கொஞ்சம் வீட்டுக்கு வரும். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நாகசாகியில் எங்கள் கப்பல் டிரை டாக்கில் ஏறிக் கிடந்த நாட்களில், அந்த ஊர் மறைவுக் கிறிஸ்தவர்களைப் பற்றி நான் கேட்டதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது என்பதுதான்.

தெரிந்திருந்ததில் ஆச்சரியமும் இல்லை. இரண்டு கரைக்கும் வந்தவர் ஒரே ஆள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஒவ்வொரு கிராமத்திலும் மந்திரம் சொல்லிக் கொடுக்கவும் அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்திவிட்டுப் போனார். அவர்களுக்குக் கூலி, போர்ச்சுகல் ராணியின் மிதியடிச் செலவுக்கென்று பரதவர் கட்டிவந்த வரிப்பணத்திலிருந்து. அந்தக் கணக்கப்பிள்ளைகளின் வழியில் கடைசியில் வந்தவர்களில் ஒருவர் எங்கள் அய்யா. அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். மொழி தெரியாத ஊரில், எப்போது கிளம்ப வேண்டியிருக்கும் என்று தெரியாதவர், ஊர் ஆட்களை நம்பித்தானே எதையும் விட்டுப்போக முடியும்?

ஜப்பானில் அந்த நம்பிக்கைக்கு வந்த சோதனை எங்கள் கரை காணாதது. 1597-இல் நாகசாகியின் நிஷிசாகா மேட்டில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் நாட்டு வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1614-இல் நாடு முழுக்கத் தடை. அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்தக் கோயிலில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். ஐந்து வீட்டுக்கு ஒரு கூட்டு. ஒரு வீட்டில் குற்றம் கண்டால் ஐந்து வீடும் பொறுப்பு. காட்டிக் கொடுத்தால் வெள்ளிக் காசு என்று முச்சந்தியில் பலகை. 1644-இல் நாட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார்.

பிறகு மிதிப்பு. மாதா படமோ சிலுவைப் படமோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து ஊரார் ஒவ்வொருவரும் அதை மிதித்துப் போக வேண்டும். ‘ஃபுமியே’ என்று அந்தத் தகட்டுக்குப் பெயர். நாகசாகியில் 1620-களின் கடைசியில் தொடங்கி, 1850-களின் பிற்பகுதி வரை நடந்தது. வருடப் பிறப்பை ஒட்டி நடக்கும். கைக்குழந்தையின் காலையும் பிடித்து அதன்மேல் அழுத்துவார்கள். பழைய தகடுகள் தேய்ந்துபோனதால் 1669-இல் புதிதாக 20 பித்தளைத் தகடுகள் வார்க்க வேண்டியிருந்தது. பொருத்திய இரும்பு தேய்வதைப் பார்ப்பது என் தொழில். மனிதக் கால் பட்டு உலோகத்தில் முகம் மழுங்குவதற்கு எத்தனை கால் பட வேண்டும் என்று எனக்கு ஓரளவு கணக்குத் தெரியும்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்ன மந்திரத்துக்குக் ‘கொஞ்ச்சிரிசான்’ என்று பெயர். குரு இல்லாத இடத்தில், பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது, கடவுள்மேல் உள்ள அன்பினால் மட்டுமே மனம் நொந்து அழுதால் பாவம் தீரும் என்கிற போதனை அது. குருக்கள் துரத்தப்படுவதற்கு முன்பே, 1603-இல், இதைச் சிறு நூலாக்கி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் பிரதியாகவும் மனப்பாடமாகவும் அது ஓடியது. எங்கள் ஊரில் இது உத்தம மனஸ்தாப மந்திரம். முதல் தடவை கடலுக்குப் போகிற பையனை அய்யா வீட்டுக்கு வரவழைத்து, இதை அட்சரம் பிசகாமல் சொல்ல வைத்த பிறகுதான் அனுப்புவார். மரம் கவிழ்ந்தால் சாமியாரை எங்கே தேடுவது? ஆனால் எங்கள் பையன்கள் அதைச் சாவுக்கு என்று கற்றார்கள். ஜப்பானியர் அதை வாழ்வதற்கு என்று கற்றார்கள். வருடத்துக்கு ஒரு முறை மிதி, வீட்டுக்கு வா, அழு, அடுத்த வருடம் மறுபடி மிதி.

இங்கேதான் அந்தக் குழந்தைகள் வருகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மிதிக்க மாட்டேன் என்று நின்றவர்கள் செத்தார்கள். கொதிக்கும் உன்சென் வெந்நீர் ஊற்றிலும், தலைகீழாகத் தொங்கவிட்ட குழியிலும், இகிட்சுகித் தீவுக்கு எதிரே நகாயேனோஷிமா என்கிற பாறைத் திட்டிலும் செத்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னால் சந்ததி இல்லை. குடும்பத்தோடு போனவர்கள் அவர்கள். ஆக, இரண்டு நூற்றாண்டு கழித்து உயிரோடிருந்த மறைவுக் கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் மிதித்தவரின் பேரப்பிள்ளை. அந்த நம்பிக்கை உலகத்தில் நீடித்ததற்குக் காரணம் மறுதலித்தவர்கள்தான். வேதசாட்சிகளின் இரத்தம் திருச்சபையின் வித்து என்று எங்களுக்குப் படித்துக் கொடுத்தார்கள். வித்து சரி, நாற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

இப்படிப்பட்ட ஒரு சமூகம் யாரைக் கும்பிடும்? மிதிக்காமல் நின்று செத்த வீரரைக் கும்பிட்டால் ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் தலைகுனிய வேண்டும். அவர்கள் அவரையும் மறக்கவில்லை. நகாயேனோஷிமாவின் பாறையில் கசிகிற நீரை எடுத்து வந்துதான் இகிட்சுகிக்காரர்கள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் கதையின் நடுவில் அவர்கள் வைத்த இயேசு வேறு ஆள். தாயின் கையில் தூங்கிக்கொண்டே எகிப்துக்குத் தப்பித்தவர். அவர் பெயரால் பிறர் வெட்டுப்பட்டது அவருக்குத் தெரியாது. தெரிய வரும்போது தாங்க முடியவில்லை. தான் செய்யாத குற்றத்தின் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். தப்பித்த தன் பாட்டனை இவரிடம் காட்ட அந்தக் குடியானவனுக்கு வெட்கமிருக்காது.

அந்தக் கதையை உண்டாக்கியவர் யார் என்று தெரியாது. அவர் படித்த இறையியலாளராக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எந்தப் பெரிய நூலிலும் நான் காணாத ஒரு கேள்வியை அவர் நேராகத் தொட்டுவிட்டார்: பிழைத்துக்கொண்டவன் செத்தவனுக்கு என்ன கடன் பட்டிருக்கிறான்? எண்டோ ஷுசாக்குவின் ‘மௌனம்’ நாவல் 1966-இல் வந்தது. மார்ட்டின் ஸ்கார்செசி அதைப் படமாகவும் எடுத்தார். பெரிய எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கண் முழுக்க மிதித்த பாதிரியார் மேலேயே இருக்கிறது. ஒரே ஒரு முறை மிதித்தவரின் மனப் போராட்டம் அத்தனை பக்கம். வருடா வருடம் மிதித்துவிட்டு மறுநாள் வலை பொத்தப் போன பெண்ணுக்கு அதில் இடம் குறைவு.

அவர்கள் எப்படி ஒன்றாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சொதோமே, உரகாமி பக்கத்தில் மூன்று பொறுப்பு. ஒருவர் நாட்காட்டி வைத்திருப்பார்: எந்த நாள் கிறிஸ்து பிறப்பு, எந்த வாரம் தவசு காலம், எந்த நாளில் ஊசி எடுத்துத் தைக்கக் கூடாது. 1650-களில் கொல்லப்பட்ட பஸ்தியான் என்கிற உபதேசியாரின் நாட்காட்டி அது. இன்னொருவர் தண்ணீர் ஊற்றுபவர். மூன்றாமவர் வீடு வீடாகச் சேதி கொண்டுபோகிறவர். இவ்வளவுதான் சபை. இகிட்சுகியில் வேறு ஏற்பாடு: ஒரு வீட்டு உள்ளறை அலமாரியில் சாமிப் படம் மறைந்திருக்கும், அந்த வீடே கோயில். படத்தில் கிமோனோ உடுத்திக் கொண்டை போட்ட மாதா. ஒராஷோ என்கிற மந்திரங்களைத் தவசு காலத்தில் மட்டும் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். லத்தீனும் போர்த்துக்கீசும் ஜப்பானியமும் கலந்து தேய்ந்துபோன ஒலிகள். பல இடங்களில் சொல்பவருக்கே பொருள் தெரியாது. பொருள் தெரியாமல் சொன்னால் அது செபமா என்று கேட்கலாம். லத்தீன் பூசையில் என் பாட்டி ஐம்பது வருடம் பதில் சொன்னாள், ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கிடைக்கிற பதிலை இங்கே எழுத முடியாது.

நிஷிசாகா மேட்டில் உள்ள அருங்காட்சியகத்தில், சொதோமேக்காரர்கள் ஒளித்து வைத்திருந்த ஒரு சின்னப் படம் இருக்கிறது. ‘பனியின் சாந்தா மரியா’ என்று அவர்கள் அழைத்த மாதா. தாளில் வரைந்தது, ஓரமெல்லாம் சிதைந்து முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. ரோமாபுரியில் கோடையில் பனி கொட்டி மாதா தன் கோயிலுக்கு இடம் காட்டினாள் என்கிற அதே கதையில் பிறந்த அதே மாதாதான் தூத்துக்குடியில் பனிமய மாதாவாக ஆகஸ்ட் 5 அன்று திருநாள் காண்கிறாள். பனியையே பார்க்காத ஊரில் ஒருத்தி. பனியை நன்றாக அறிந்த ஊரில் இன்னொருத்தி. அங்கே கதை இன்னும் ஒரு படி போய்விட்டது: மரியாவைப் பெண் கேட்டு லூசோன் ராஜா வருகிறான்; அவள் கோடையில் பனி பெய்ய வைத்து, அவன் திகைத்து நிற்கும்போது வானத்துக்கு ஏறித் தப்பிக்கிறாள். சாந்தா மரியாவும் தப்பித்தவள்தான் பாருங்கள்.

எங்கள் கரைக்கும் குரு இல்லாத காலம் ஒன்று வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும் இயேசு சபைக் குருக்களைத் துரத்தினார்கள். பரதவரைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை. இலங்கையில் இதைவிடக் கடுமை. மாந்தையிலிருந்த மாதாவைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மடுக் காட்டுக்குள் போனது அந்தக் காலத்தில்தான். இதே டச்சுக் கம்பெனி அங்கே நாகசாகித் துறையில் தேஜிமா என்கிற கைக்குட்டை அளவு தீவில் அடைபட்டு, கிறிஸ்தவ அடையாளம் எதையும் வெளியே காட்டாமல் வியாபாரம் செய்தது. அதற்கு முன் ஹிராதோவில் இருந்தபோது புதுக் கிடங்கின் முகப்பில் கிறிஸ்து ஆண்டைப் பொறித்ததற்காகக் கிடங்கையே இடிக்க வேண்டிவந்தது. 1638-இல் ஷிமாபரா விவசாயிகள் வரிக்கொடுமை பொறுக்காமல் சிலுவைக் கொடியோடு ஹாரா கோட்டைக்குள் புகுந்தபோது, அரசுக்காக அந்தக் கோட்டைமேல் பீரங்கி சுட்டதும் டச்சுக் கப்பல். கோட்டை விழுந்தபோது செத்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு ஏறக்குறைய 37,000 பேர் என்பார்கள். முத்தும் பட்டும் மிளகும் வாங்க வந்தவனுக்கு யார் எந்தச் சாமி கும்பிட்டால் என்ன?

ஆனால் எங்களுக்குக் கோவா பக்கம். உள்நாட்டில் மதுரை மிஷன். ஜாதித் தலைவர் என்று ஒருவர் இருந்து கோயில் காரியத்தைப் பார்த்துக்கொண்டார். குருக்கள் வந்தும் போயும் இருந்தார்கள். அதனால் எங்கள் மந்திரம் மாறவில்லை, கதை மாறவில்லை. முன்பெல்லாம் இதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போது, மாறாமல் காப்பாற்ற வசதி இருந்தவர்கள் நாங்கள் என்று மட்டும் சொல்வேன்.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டாருக்காகக் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்கு உரகாமிக் கிராமத்தார் சிலர் வந்தார்கள். ஒரு பெண் பிரெஞ்சுக் குரு பெத்திழான் காதருகே போய், எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்று என்று சொல்லி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். திருச்சபை சரித்திரத்தில் இதை அற்புதம் என்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்து நடந்தது. வந்தவர்கள் குருவைச் சோதித்தார்கள். கல்யாணம் ஆனவரா, ரோமாபுரியின் தலைவரை ஏற்கிறவரா, தவசு காலம் அனுசரிக்கிறவரா என்றெல்லாம் விசாரித்தார்கள். யார் உண்மையான கிறிஸ்தவர் என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்தச் சில நாள் குடியானவன் உட்கார்ந்திருந்தான். குரு பதில் சொன்னார்.

அப்புறம் இடம் மாறிவிட்டது. வாய்க் கதையின் பிரதி ஒன்று குருக்களிடம் கொடுக்கப்பட்டபோது அதை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. 1867-இல் உரகாமிக்காரர்கள் சாவுச் சடங்குக்குப் புத்தத் துறவியை அழைக்க மறுத்ததும் கைது தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கிராமமே, சுமார் 3,400 பேர், மேற்கு ஜப்பானின் பல இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 600-க்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்கள் அதை இன்னும் ‘பயணம்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். 1873-இல் மேல்நாட்டு அரசுகளின் நெருக்குதலால் தடைப் பலகைகள் இறங்கின.

தடை போனதும் எல்லோரும் தாய்ச் சபைக்கு ஓடிவந்துவிடவில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் வரவில்லை. இருட்டில் பழகியதையே பகலிலும் தொடர்ந்தார்கள். ஏன் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். புதுக் குருக்கள் மறுபடி ஞானஸ்நானம் பெறச் சொன்னார்கள். முன்னோர் பெயர்ப் பலகையும் புத்த மாடமும் வீட்டில் இருக்கக் கூடாது என்றார்கள். ஒருவன் இதற்குச் சம்மதித்தால், பாட்டன் தலையில் முப்பாட்டன் ஊற்றிய தண்ணீர் வெறும் தண்ணீர் என்று சம்மதித்ததாகும். பிள்ளை தங்காது என்று ஓடிப்போய் அய்யா தண்ணீர் ஊற்றின குழந்தைகள் எங்கள் ஊர்க் கல்லறையில் ஒரு மூலையில் இருக்கின்றன. அவர் ஊற்றியது செல்லாது என்று நாளைக்கு ஒருவர் வந்து சொன்னால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களைப் புனிதர்களாக்கிவிடுவது எளிது. உரகாமிக் கிறிஸ்தவரைக் கைது செய்ய அரசு ஏவியவர்களில் பக்கத்துக் குடியிருப்பின் தோல் தொழில் செய்த தீண்டத்தகாதோர் இருந்தார்கள். அடிபட்டவனை வைத்து அடிபட்டவனைப் பிடித்தார்கள். அந்தக் கசப்பு இரு பக்கமும் தலைமுறை தாண்டி இருந்தது. நம் வடக்கன்குளத்துக்கு வாருங்கள். 1872-இல் கட்டிய கோயில், கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரித்து, ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு சாதியும் தனித்தனியே உட்கார. நடுச்சுவரை 1910-இல் தான் இடித்தார்கள், அதற்கும் வழக்கு நடந்தது. எங்கள் பரதவருக்குள்ளேயே மேசைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கம்மாரக்காரருக்கு எந்த வரிசை என்று அய்யாவுக்குத் தெரியும். சிலுவையைத் தூக்கிக்கொண்டு யாரும் சாதியைக் கீழே வைத்துவிடவில்லை.

உரகாமிக்காரர்கள் திரும்பி வந்து, தங்களை வருடா வருடம் மிதிக்க வைத்த ஊர்த்தலைவரின் நிலத்தையே வாங்கிக் கோயில் கட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு அந்தக் கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி வெடித்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாள் நெருங்கியதால் உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பங்கின் 12,000 பேரில் 8,500 பேர் மாண்டார்கள் என்பது சபையின் கணக்கு. நவம்பர் 23 அன்று இடிபாட்டின் நடுவே நடந்த ஆன்ம இளைப்பாற்றிப் பூசையில் மருத்துவர் நாகாய் தகாஷி பேசினார். அவருடைய மனைவி மிதோரி, உரகாமியில் நாட்காட்டி காத்த குடும்பத்துப் பெண், வீட்டோடு எரிந்திருந்தார். குண்டு இங்கே விழுந்தது கடவுளின் ஏற்பாடு, போரின் பாவத்துக்குப் பரிகாரமாக மாசற்ற ஆட்டுக்குட்டியாக உரகாமி தகன பலியானது, அதற்கு நன்றி சொல்வோம் என்றார். கேட்டவர்களில் பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. பிற்பாடு கவிஞர் யமதா கான் போன்றவர்கள் கோபப்பட்டார்கள்: குண்டு போட்டவனும் போரைத் தொடங்கியவனும் இதில் எங்கே போனார்கள்?

நாகாய்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனைவியின் எலும்பைப் பொறுக்கி எடுத்தவர் அவர். அவருக்குப் பிழைத்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய பதிலை, அவர் மனைவியின் முன்னோர் சொன்ன கதையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாகாயின் கடவுள் குழந்தைகளைப் பலியாக வாங்கிக்கொள்கிறார். தென்ச்சிக் கதையின் கடவுள் குழந்தைகளுக்குக் கடன்படுகிறார். படித்த மருத்துவர் தன் மனைவி வீட்டாரின் பழைய கதையை விட்டுவிட்டு முறையான வேத பாஷையில் பேசியதால் வந்த வித்தியாசம் இது என்பது என் எண்ணம். 1981 பிப்ரவரியில் ஹிரோஷிமாவில் போப் இரண்டாம் ஜான் பால், போர் மனிதனின் செயல் என்று சொன்ன பிறகுதான், கடவுள் சித்தம் என்று வாயடைத்திருந்த நாகசாகிக் கத்தோலிக்கர் பலர் நடந்ததைப் பேச ஆரம்பித்தார்கள்.

என் அக்காவைக் குளச்சல் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்த பேரனை வீட்டில் விட்டுவிட்டு, மேட்டுத் தெருவில் நாத்தனார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்கப் போயிருந்தாள். நான் அப்போது விடுப்பில் ஊரில் இருந்தேன். இராமேஸ்வரம் தொட்டு எங்கள் பக்கம் இலங்கை மறைப்பு. அலை அவ்வளவாக இல்லை. மணக்குடிப் பாலம் போய்விட்டது என்று கேட்டுச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். குழி வெட்டி மொத்தமாக அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். 28-ஆம் தேதி, நாட்காட்டிப்படி மாசில்லாக் குழந்தைகள் திருநாள். அன்றைய சுவிசேஷம் ஏரோதும், தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடைய மாட்டேன் என்ற ராகேலும். அதை வாசித்தவருக்குக் குரல் வரவில்லை. வேறு இடங்களில் வேறு மாதிரியும் பேசினார்கள்: கடற்கரைக்காரர்களின் குடிக்கும் ஊர்ச் சண்டைக்கும் கிடைத்த தண்டனை என்று பிரசங்கம் கேட்டவர்கள் எனக்குச் சொன்னார்கள். அக்கா மூன்று வருடம் கோயிலுக்குப் போகவில்லை. பிறகு போனாள், ஏன் போனாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த 44,444 கதையை எங்கள் இப்போதைய பங்குச் சாமியாரிடம் ஒரு நாள் விரிவாகச் சொன்னேன். வயதில் சின்னவர், நன்றாகப் படித்தவர், என்னோடு வாதாட நேரம் ஒதுக்குகிறவர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏரோது செய்த கொலைக்குக் குழந்தை இயேசுவைக் கடன்காரனாக்குவது அநியாயம் என்றார். தாக்கியவன் தப்பிக்கிறான், தாக்கப்பட்டவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான், ஒடுக்கப்பட்டவர்கள் மனத்தில் ஒடுக்குகிறவன் விதைக்கிற குற்ற உணர்ச்சிதான் இது, இதற்குப் பூ வைத்துக் கும்பிடாதீர்கள் மாமா என்றார். வலுவான பேச்சு. நான் சொன்னது: ஏரோது தப்பு செய்தான் என்று தெரிந்தவர்கள்தான் அவர்கள், தெரியாமலில்லை, ஆனால் ஏரோது வந்து கடனைத் தீர்க்கப்போவதில்லை, குழந்தைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். நியாயத்துக்கு மேலே ஒரு படி இருக்கிறது, உயிரோடிருப்பவர்கள் அதில் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அவர் சிரித்து, நீங்கள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அவர்களோடு அலமாரிச் சாமிக்கே போயிருப்பீர்கள் என்றார்.

அக்காவிடமும் சொன்னேன். சொல்லலாமா என்று வெகுநாள் யோசித்து, அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சொன்னேன். தப்பித்த பிள்ளை வளர்ந்து, செத்த பிள்ளைகளுக்காகச் செத்துப்போகிற கதை. அவள் அரிவாள்மணையை நிறுத்தாமல் முழுசும் கேட்டாள்.

“அந்தப் பிள்ளையளுக்கு மோட்சம் கெடச்சிட்டு. சரி. பெத்தவளுவ கிட்ட அவரு மன்னிப்புக் கேட்டாராமா?”

நான் படித்த மட்டும் கதையில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

“கேட்டிருக்கணும்” என்றாள்.